ஒரு நொதியைத் தேடிய எதிர்ப்பொருள்

ஒரு மனித செல்லுக்குள் ஆயிரக்கணக்கான வகைப் புரதங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றே ஒன்று எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இந்தக் கேள்விக்கு 1975-ல் கேம்பிரிட்ஜில் ஒரு விடை கிடைத்தது.

அர்ஜென்டினாவில் பிறந்த சீசர் மில்ஸ்டீனும் ஜெர்மானியரான ஜார்ஜ் கோலரும் அங்குள்ள மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் வேலை பார்த்தார்கள். எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) சுரக்கும் செல்லை உடலுக்கு வெளியே எடுத்தால் சில நாட்களில் செத்துவிடும். புற்றுநோய் செல்லோ சாகாமல் பெருகிக்கொண்டே போகும். இரண்டையும் ஒன்றாக்கினால் என்ன? செம்மறியாட்டின் ரத்த அணுக்களை ஊசி மூலம் செலுத்திய சுண்டெலியின் மண்ணீரல் செல்களை, எலியின் புற்றுநோய் செல்களுடன் இணைத்தார்கள். பிறந்த கலப்பு செல்லும் அதன் வாரிசுகளும் ஒரே ஒரு வகை எதிர்ப்பொருளை மட்டும் சுரந்தன. அதுதான் மோனோகுளோனல் ஆன்டிபாடி! அவர்கள் இதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. 1984-ல் நீல்ஸ் யெர்னேயுடன் சேர்த்து இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அதே 1984-ன் இறுதியில், கலிபோர்னியாவின் பெர்க்லியில் இன்னொரு கதை தொடங்கியது. எலிசபெத் பிளாக்பர்னும் அவருடைய மாணவி கேரல் கிரைடரும், குளத்து நீரில் வாழும் டெட்ராஹைமினா என்ற ஒருசெல் உயிரியில் ஒரு புதிய நொதியைக் கண்டுபிடித்தார்கள். குரோமோசோம்களின் நுனியில் இருக்கும் டெலோமியரை நீட்டித் தரும் அந்த நொதிக்கு டெலோமிரேஸ் என்று பெயர் வந்தது. பெரும்பாலான புற்றுநோய் செல்களில் இது இயங்குகிறது, சாதாரண செல்கள் பெரும்பாலானவற்றில் இயங்குவதில்லை என்று 1994-ல் தெரிந்தது. 1997-ல் மனித டெலோமிரேசின் முக்கியப் புரதத்துக்கான மரபணுவும் பிடிபட்டது.

அப்புறம் கேட்க வேண்டுமா? கட்டித் திசுக்களில் இந்த நொதியை நேரில் பார்க்க எல்லோரும் ஆசைப்பட்டார்கள். ஆனால் புற்றுநோய் செல்லில்கூட இது மிக மிகக் குறைவாகவே இருக்கும். இதைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லி எலியின் மோனோகுளோனல் எதிர்ப்பொருள்கள் விற்பனைக்கு வந்தன. அவற்றில் ஒன்றைப் பல ஆய்வகங்கள் வாங்கிப் பயன்படுத்தின. புற்றுநோய் செல்களின் உட்கருவில் அழகாக நிறம் பிடித்தது. எதிர்பார்த்தது கிடைத்துவிட்டது!

2006-ல் பிரான்சு ஆய்வாளர்கள் அந்த எதிர்ப்பொருளையே சோதித்துப் பார்த்தார்கள். அது பற்றிக்கொண்டது டெலோமிரேசை அல்ல, நியூக்ளியோலின் என்ற வேறொரு புரதத்தை! நியூக்ளியோலின் உட்கருவில் ஏராளமாக இருப்பது, வேகமாகப் பிரியும் செல்களில் இன்னும் அதிகமாக இருப்பது. புற்றுநோய் செல்களும் வேகமாகப் பிரிபவைதானே. அதனால்தான் தவறான விடையும் சரியான விடை மாதிரியே தெரிந்தது. நிறம் வராமல் போயிருந்தால் யாராவது உடனே சந்தேகப்பட்டிருப்பார்கள். நினைத்த இடத்திலேயே நிறம் வந்ததுதான் வினையானது.

இங்கே மில்ஸ்டீன், கோலர் முறையில் பிழை இல்லை. 'மோனோகுளோனல்' என்றால் அந்த எதிர்ப்பொருள் ஒரே வகை என்றுதான் அர்த்தம். அது ஒரே ஒரு புரதத்தை மட்டும்தான் பிடிக்கும் என்ற உத்தரவாதம் அந்தப் பெயரில் இல்லை. அதைச் சோதித்துத்தான் அறிய வேண்டும். எளிய சோதனை ஒன்று உண்டு. தேடும் நொதியின் மரபணுவை நீக்கிய செல்லில் அதே எதிர்ப்பொருளைப் போட்டுப் பார்க்கலாம். அங்கேயும் நிறம் வந்தால், அது வேறு எதையோ பிடிக்கிறது என்று பொருள்.

இது ஒரு நொதியோடு முடிந்த கதையும் அல்ல. 2015-ல் ஆண்ட்ரூ பிராட்பரி, ஆண்ட்ரியாஸ் ப்ளுக்தன் இருவரும் 'நேச்சர்' இதழில் ஒரு கோரிக்கை வைத்தார்கள். ஆய்வில் பயன்படும் ஒவ்வொரு எதிர்ப்பொருளையும் அதன் மரபு வரிசையைக் கொண்டே அடையாளப்படுத்த வேண்டும் என்பது அந்தக் கோரிக்கை. மேலும் 110 பேர் அதில் கையெழுத்திட்டிருந்தார்கள்.

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவரைப் பார்த்து ஊரில் சிரிப்பார்கள். நிறம் பிடித்ததெல்லாம் டெலோமிரேஸ் என்று நம்பியவர்கள் படித்த விஞ்ஞானிகள். விரும்பிய விடை கையில் கிடைக்கும்போதுதான் இன்னொரு முறை சோதிக்க வேண்டும் என்பதை, கண்ணுக்குத் தெரியாத ஒரு நொதி அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது.