மனிதநேய உதவியும் சமூகச் சிக்கல்களும்: பள்ளிக் கல்வி (தமிழ்நாடு)

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் மனிதநேய உதவி பெரும்பாலும் பாடநூலுக்கு வெளியேதான் கற்பிக்கப்படுகிறது. ஜூனியர் ரெட் கிராஸ் அமைப்பு முதலுதவியும் பேரிடர்க் காலப் பணியும் பழக்குகிறது. 1859இல் சால்பரினோ போரில் காயமுற்றோரைத் தரப்புப் பாராமல் பராமரித்த ஹென்றி டூனான்ட் ரெட் கிராஸ் இயக்கத்தின் முன்னோடி. 1969இல் கல்லூரிகளுக்கெனத் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் பின்னர் மேல்நிலை வகுப்புகளுக்கும் வந்தது. இதன் சிறப்பு முகாம்களில் மாணவர்கள் ஓர் ஊரில் ஏழு நாள் தங்கிப் பணிசெய்வர். நாச்சியாபுரம் போன்ற செட்டிநாட்டு ஊர்களில் ஊருணிக் கரையும் பள்ளி வளாகமும் துப்புரவாவது இப்படித்தான்.

இங்கே கை பழகும் அளவுக்குக் கேள்வி பழகுவதில்லை. முகாம் நடக்கும் ஊரில் தெருக்கள் ஏன் சாதிவாரியாகப் பிரிந்து கிடக்கின்றன என்று பேச ஆசிரியர்களே தயங்குகிறார்கள். அகதிகள் பற்றிய பேச்சிலும் இதே தயக்கம்தான். ஈழ அகதிகளுக்கு 1983 முதல் தமிழ்நாடு புகலிடம் தந்துவருகிறது. ஆனால் 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம், குடியுரிமைக்கு வழிவிடும் நாடுகளின் பட்டியலில் இலங்கையை ஏன் சேர்க்கவில்லை என்பது வகுப்பறையில் அரிதாகவே விவாதிக்கப்படும். அரசியல் பேசியதாகப் புகார் வரும் என்ற அச்சமே காரணம்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் சக மாணவர்களால் வெட்டப்பட்டது இந்த மௌனத்தைக் கலைத்தது. அதையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு தலைமையிலான ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. பள்ளிப் பெயர்களில் சாதி அடையாளத்தை நீக்குவதும், மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடுப்பதும் அதன் பரிந்துரைகளில் அடங்கும்.