வி.பி.பி. பார்சலும் ஆன்லைன் கடையும்



போன ஞாயிற்றுக்கிழமை திண்டுக்கல்லிலிருந்து என் தங்கை மகள் வந்திருந்தாள். வந்ததும் வராததுமாக ஒரு பெரிய பையைக் கூடத்தில் கவிழ்த்தாள். உள்ளே பத்துப் பதினைந்து பிளாஸ்டிக் பொட்டலங்கள். அத்தனையும் சின்னாளப்பட்டிச் சுங்குடிச் சேலைகள். அத்தனையும் ஆர்டர் போட்டவர்கள் பிரித்துக்கூடப் பார்க்காமல் திருப்பி அனுப்பியவை.

"மாமா, முதல் மாசம் நல்லாத்தான் போச்சு. ரெண்டாவது மாசம் அனுப்புனதுல பாதி திரும்பி வந்துருச்சு. போற கூலி, வர்ற கூலி ரெண்டும் என் தலையில. வளையலை அடகு வெச்சு வாங்குன சரக்கு. கடையை மூடிரவா?"

அவள் கடை என்பது செல்போனுக்குள் இருக்கும் கடை. இன்ஸ்டாகிராமில் படம், வாட்ஸ்அப்பில் ஆர்டர், கூரியரில் பார்சல். எனக்கு அந்த வித்தை தெரியாது. ஆனால் பிரிக்காமல் திரும்பிய பொட்டலங்களைப் பார்த்ததும் எனக்கு இரண்டு பழைய பார்சல்கள் நினைவுக்கு வந்தன. வரலாற்று வாத்தியாரிடம் யோசனை கேட்டால் வரலாறுதானே வரும்? அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். உங்களில் பல பேர் இப்படிக் கடை வைத்திருக்கிறீர்கள், வைக்கப்போவதாகவும் போனில் சொல்கிறீர்கள்.

முதல் பார்சல், நான் ஆறாம் வகுப்புப் படித்தபோது வந்தது. பத்திரிகையில் ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோ விளம்பரம். "வி.பி.பி.யில் அனுப்பப்படும்" என்று கீழே போட்டிருந்தது. அப்பா கார்டு போட்டார். பத்து நாளில் தபால்காரர் பார்சலோடு வந்தார். பணத்தைக் கட்டி, தெருவே கூடி நிற்க, சணலை அறுத்துப் பிரித்தோம். உள்ளே வைக்கோலும் ஒரு செங்கல் துண்டும் இருந்தன. அப்பா ஒன்றும் பேசவில்லை. அந்தச் செங்கலைத் தண்ணீர்ப் பானைக்கு முட்டுக் கொடுத்து வைத்தார். ரொம்ப வருஷம் அது அங்கேயே இருந்தது.

இளைய தலைமுறைக்கு வி.பி.பி. தெரியாது. விற்பவர் பொருளைத் தபாலில் அனுப்புவார். தபால்காரர் விலையை வாங்கிக்கொண்டு பார்சலைக் கொடுப்பார். தபால் இலாகா அந்தப் பணத்தை விற்பவருக்கு மணியார்டராக அனுப்பிவிடும். இந்தியாவில் இது 1877ல் வந்தது. 1879ல் கால் அணாவுக்குத் தபால் கார்டு, 1880ல் மணியார்டர். ஆர்டர் போட ஒரு கார்டு, பணம் போய்ச்சேர ஒரு வழி, பொருள் வர ஒரு வழி. தூரத்துக் கடைக்கு வேண்டிய மூன்றும் நான்கு வருஷத்துக்குள் வந்துவிட்டன. இன்றைக்கும் ஆன்லைன் வியாபாரத்தின் அடிப்படை இந்த மூன்றுதான்: ஆர்டர், பணம், சரக்கு. முகம் தெரியாத இருவர் இதைச் செய்யும்போது நாலாவதாக ஒன்று வேண்டும். அதுதான் நம்பிக்கை.

நம்மூரில் புத்தகமும் பல்பொடியும் கைக்கடிகாரமும் கிராமம் கிராமமாகப் போய்ச் சேர்ந்தது இந்த வழியில்தான். ஆனந்த விகடனை 1928ல் வாங்கி வளர்த்த எஸ்.எஸ். வாசன், அதற்கு முன்பு தபால் வழி வியாபாரமும் விளம்பரத் தொழிலும் செய்தவர்.

ஆனால் வி.பி.பி.யில் ஒரு ஓட்டை இருந்தது. பணம் கட்டிய பிறகுதான் பார்சலைப் பிரிக்க முடியும். விற்பவரின் பணத்துக்குத் தபால் இலாகா பொறுப்பு. உள்ளே இருப்பது ரேடியோவா, செங்கலா என்பதற்கு யாரும் பொறுப்பில்லை.

அந்த ஓட்டையை அடைக்க ஒரு வழியை அமெரிக்காவில் ஒருவர் முன்பே காட்டியிருந்தார். ஆரன் மான்ட்கோமரி வார்டு, சிகாகோ வியாபாரி. 1871ல் சிகாகோ நகரமே தீப்பற்றி எரிந்தபோது, அவர் முதலில் சேர்த்த சரக்கும் போயிற்று. மறுபடி முயன்று 1872ல் ஒரே ஒரு தாளில் 163 பொருள்களின் விலைப்பட்டியலை அச்சடித்து விவசாயிகளுக்கு அனுப்பினார். ஊர்க் கடைக்காரர்கள் இவரை ஏமாற்றுக்காரர் என்றார்கள். முகம் தெரியாதவனுக்கு யார் பணம் அனுப்புவார்கள்? 1875ல் அவர் ஓர் உறுதி கொடுத்தார்: பொருள் திருப்தியாக இல்லையென்றால் பணம் வாபஸ். பயத்தை வாங்குபவர் தலையிலிருந்து எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார். அந்த ஒற்றைத் தாள் பிறகு நூற்றுக்கணக்கான பக்கப் புத்தகமாக வளர்ந்தது.

தூரத்து வியாபாரத்தின் வரலாறு முழுக்க இந்த ஒரு கேள்விதான். பார்சல் வழியில் இருக்கும்போது பயம் யாருடையது? கருவிகள் மாறியிருக்கின்றன, கேள்வி மாறவில்லை.

1979ல் இங்கிலாந்தில் மைக்கேல் ஆல்ட்ரிச் என்பவர் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியைத் தொலைபேசிக் கம்பி வழியாகக் கணினியோடு இணைத்து, வீட்டிலிருந்தே பொருள் வாங்கும் வழியைக் காட்டினார். 1984ல் கேட்ஸ்ஹெட் என்ற ஊரில் ஜேன் ஸ்நோபால் என்ற 72 வயது மூதாட்டி, அந்த முறையில் ரிமோட்டை அழுத்தி டெஸ்கோ கடையில் மார்கரின், கார்ன்ஃபிளேக்ஸ், முட்டை வாங்கினார். பணத்தை எப்படிக் கொடுத்தார் தெரியுமா? சாமான் வாசலுக்கு வந்ததும் ரொக்கமாக! கம்பி வழியே பணம் அனுப்பப் பாதுகாப்பான ஏற்பாடு அப்போது இல்லை.

அந்த ஏற்பாடு வரப் பத்து வருஷம் ஆனது. 1994 ஆகஸ்டில் அமெரிக்காவில் நெட்மார்க்கெட் என்ற நிறுவனம், கார்டு எண்ணைச் சங்கேதமாக மாற்றி அனுப்பும் முறையில் ஒரு பாட்டு சி.டி.யை விற்றது. 1995 ஜூலையில் அமேசான் புத்தகம் விற்க ஆரம்பித்தது. அதே வருஷம் செப்டம்பரில் பியர் ஓமிட்யார் ஏலத் தளம் ஒன்றைத் தொடங்கினார். பின்னாளில் இபே ஆனது அதுதான். அதில் முதலில் விற்றது உடைந்துபோன ஒரு லேசர் பாயிண்டர், 14 டாலர் 83 சென்டுக்கு. விற்றவர் உடைந்தது என்று சொல்லியே விற்றார். வாங்கியவர் உடைந்ததைத் தெரிந்தே வாங்கினார். 1996ல் அவர் வாங்குபவரும் விற்பவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் எழுதும் பகுதியைச் சேர்த்தார். இன்று நீங்கள் நட்சத்திரம் பார்த்துப் பொருள் வாங்குவதற்கு அதுதான் பாட்டன்.

சீனாவில் இன்னொரு வழி கண்டார்கள். 2004ல் தொடங்கிய அலிபே, வாங்குபவரின் பணத்தை நடுவில் தானே வைத்துக்கொண்டது. பொருள் வந்துவிட்டது, சரியாக இருக்கிறது என்று வாங்குபவர் சொன்ன பிறகே பணம் விற்பவர் கைக்குப் போகும். எங்கள் வீட்டுச் செங்கலுக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். 1995 ஆகஸ்ட் 15ல் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையம் கொடுத்தது. 2000ல் வந்த தகவல் தொழில்நுட்பச் சட்டம் கணினிப் பதிவுகளுக்குச் சட்ட மதிப்பு தந்தது. 2002 ஆகஸ்டில் ஐ.ஆர்.சி.டி.சி. இணையத்தில் ரயில் டிக்கெட் விற்க ஆரம்பித்தது. முதலில் காகித டிக்கெட் கூரியரில் வீட்டுக்கு வரும். என் கணிப்பில், இணையத்தில் கார்டு எண்ணைத் தட்டும் துணிச்சலை நம் ஜனங்களுக்குக் கொடுத்ததில் பெரும்பங்கு ரயில்வேக்குத்தான்.

2007 அக்டோபரில் சச்சின் பன்சாலும் பின்னி பன்சாலும் பெங்களூரில் ஃபிளிப்கார்ட்டைத் தொடங்கினார்கள். முதல் ஆர்டர் அன்றைய ஆந்திராவின் மகபூப்நகரிலிருந்து, ஜான் வுட் எழுதிய ஒரு புத்தகத்துக்கு. கையில் சரக்கு இல்லை. பெங்களூர்ப் புத்தகக் கடைகளில் தேடி அலைந்து வாங்கி அனுப்பினார்கள். 2010ல் அவர்கள் கேஷ் ஆன் டெலிவரியைக் கொண்டுவந்த பிறகுதான், கார்டு இல்லாத வீடுகளுக்கும் வியாபாரம் போய்ச் சேர்ந்தது.

கேஷ் ஆன் டெலிவரி என்பது என்ன? நம் பழைய வி.பி.பி.தான், பேன்ட் சட்டை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறது. ஆனால் பயம் இப்போது இடம் மாறிவிட்டது. வாங்குபவர் ஒரு பைசா கட்டாமல் ஆர்டர் போடுகிறார். வாசலில் வந்து நிற்கும்போது "வேண்டாம்" என்றால் முடிந்தது. இரண்டு வழிக் கூலியும் விற்பவருக்கு நஷ்டம். கூரியர்காரர்கள் இதை ஆர்.டி.ஓ. என்கிறார்களாம். எனக்கு ஆர்.டி.ஓ. என்றால் லைசென்ஸ் ஆபீஸ்தான் தெரியும்!

இங்கேதான் இரண்டாவது பார்சல் வருகிறது. 1979, நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு சின்னப் பதிப்பகத்துக்குக் கார்டு போட்டு மூன்று வரலாற்று நூல்களை வி.பி.பி.யில் அனுப்பச் சொன்னேன். மாதக் கடைசியில் பார்சல் வந்தது. கையில் காசில்லை. "திருப்பி அனுப்பிடுங்க" என்று தபால்காரரிடம் சுலபமாகச் சொல்லிவிட்டேன். இரண்டு வாரம் கழித்து அந்தப் பதிப்பாளரிடமிருந்து ஒரு கார்டு. திட்டவில்லை. "நூல்கள் திரும்பின. தங்களுக்கு வசதிப்படும்போது எழுதவும். தபால் செலவு எங்களுடையது" என்று மட்டும் இருந்தது. பிறகு நான் எழுதவே இல்லை. செங்கல் அனுப்பியவனை வாழ்நாளெல்லாம் திட்டியவன் நான். அந்த மனிதருக்கு நானும் ஒரு செங்கலைத்தானே அனுப்பியிருக்கிறேன்? தங்கை மகளின் பொட்டலங்களைப் பார்த்தபோதுதான் இது முழுசாக உறைத்தது.

அதனால் அவளோடு உட்கார்ந்து நோட்டுப் போட்டுக் கணக்குப் பார்த்தேன். சேலை 620 ரூபாய்க்கு வாங்கி 850க்கு விற்கிறாள். கூரியர் 80, பேக்கிங் 15. மிச்சம் 135. ஒரு சேலை திரும்பினால் போகக் கூலி 80, வரக் கூலி 80, பேக்கிங் 15, ஆக 175 நஷ்டம். பத்து அனுப்பி ஐந்து திரும்பினால், 675 லாபத்தில் 875 நஷ்டம் போய், கைக்காசு 200 காலி. பத்தில் இரண்டு மட்டும் திரும்பினால் 730 மிச்சம். சேலையில் குறை இல்லை, விலையிலும் இல்லை. திரும்புவதைக் குறைத்தால் கடை நிற்கும்.

வரலாற்றில் மற்றவர்கள் செய்ததை வைத்தே அவளுக்கு நாலு விஷயம் எழுதிக் கொடுத்தேன்.

1. லேசர் பாயிண்டர் பாடம்: குறையை முதலில் சொல். கைவேலையில் புள்ளி கொஞ்சம் முன்பின் இருக்கும், முதல் சலவையில் சாயம் லேசாக இறங்கும் என்றால் அப்படியே எழுது. படத்தைப் பகல் வெளிச்சத்தில் எடு. சேலையின் நீளம், ரவிக்கைத் துணி உண்டா இல்லையா, எல்லாம் போடு.

2. வார்டு பாடம்: திருப்பி எடுக்கும் விதியை முன்கூட்டியே எழுத்தில் சொல். பெரிய சந்தைத் தளங்களில் விற்பவர்கள், பழுதான பொருளையும் சொன்னபடி இல்லாத பொருளையும் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று 2020ன் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளே சொல்கின்றன. சட்டம் சொல்வதற்கு முன் நீ சொன்னால் மரியாதை.

3. வி.பி.பி. பாடம்: வாசலில் பணம் வாங்குவதை ஒரேயடியாக நிறுத்தாதே, புது ஆளுக்கு அது வேண்டும். ஆனால் அனுப்பும் முன் ஒரு போன் பேசு. 2016ல் வந்த யு.பி.ஐ.யில் கூரியர் கூலியை மட்டுமாவது முன்பணமாகக் கேள். முழுப் பணம் முன்னால் கட்டுபவருக்கு விலையில் கொஞ்சம் குறை.

4. கணக்குப் பாடம்: திரும்பி வருவதையும் செலவில் சேர்த்து விலை வை. சந்தைத் தளத்தில் சேர்வதென்றால் அவர்கள் கமிஷனையும் சேர். மாநிலத்துக்குள்ளேயே தளத்தின் வழி விற்கும் சிறு வியாபாரிக்கு 2023 அக்டோபர் முதல் ஜி.எஸ்.டி. பதிவில் சலுகை இருக்கிறது. வெளிமாநிலம் என்றால் விதி வேறு. ஆடிட்டரைப் பார்க்காமல் இறங்காதே.

அவள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, "மாமா, வளையல்?" என்றாள். "வளையல் இப்போதைக்கு அடகில்தான் இருக்கும். இருக்கிற சேலை விற்கும்வரை புதுச் சரக்கு வாங்காதே. அடுத்த நகையைக் கழற்றாதே" என்றேன். தலையாட்டினாள். ராத்திரியே பதினாறு பேருக்குப் போன் பேசினாள். நாலு பேர் "அவசரத்தில் போட்டுட்டேன், வேண்டாம்" என்றார்களாம். நாலு பார்சல் கூலி மிச்சம். வளையல் திரும்புமா என்று எனக்குத் தெரியாது. கடையை மூடவில்லை, அவ்வளவுதான்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை கேஷ் ஆன் டெலிவரியில் ஆர்டர் போட்டால், அன்றைக்கே அந்தப் பணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். மனம் மாறினால் பார்சல் கிளம்பும் முன் சொல்லிவிடுங்கள். அந்தப் பக்கம் பெரிய கம்பெனிதான் இருக்க வேண்டும் என்பதில்லை, வளையலை அடகு வைத்த ஒரு பெண்ணும் இருக்கலாம்.

நம் மாணவர்களில் தபால் துறையில் வேலை பார்த்தவர்கள் இருக்கிறீர்கள். வி.பி.பி. அனுபவங்களைக் கீழே எழுதுங்கள். ஆன்லைன் கடை வைத்திருப்பவர்கள் உங்கள் கணக்கைச் சொல்லுங்கள், மற்றவர்களுக்கு உதவும். தவறு இருந்தால் திருத்துங்கள். அந்தக் காலத்தில் உங்கள் நோட்டில் நான் திருத்தியதற்கு வட்டியாக எடுத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்