41 மணி நேரம் எழுந்திருக்காத சபை

1881 பிப்ரவரி 2, புதன்கிழமை காலை ஒன்பது மணி. லண்டனில், காமன்ஸ் சபையில், திங்கட்கிழமை மாலை நான்கு மணி வாக்கில் தொடங்கிய கூட்டம் இன்னும் முடிந்தபாடில்லை. இரண்டு இரவுகள் போய்விட்டன. உறுப்பினர்கள் முறை வைத்துக்கொண்டு தூங்கப் போகிறார்கள், வருகிறார்கள். சபாநாயகரும் துணைச் சபாநாயகரும் கூட மாறி மாறித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். பேசிக்கொண்டிருப்பவர் ஜோசப் பிகர் என்ற அயர்லாந்து உறுப்பினர். பெல்ஃபாஸ்ட் நகரத்துப் பன்றி இறைச்சி வியாபாரி. அவருக்கு அவசரமே இல்லை.

அப்போது சபாநாயகர் ஹென்றி பிராண்ட் உள்ளே வந்தார். பிகரை மேலே பேசவிடாமல், எழுதிக்கொண்டு வந்திருந்த ஒரு தாளை எடுத்துப் படித்தார். சபையின் மதிப்பும் அதிகாரமும் ஆபத்தில் இருக்கின்றன, இனி யாரையும் பேச அழைக்கப் போவதில்லை, இப்போதே வாக்கெடுப்பு என்பது அதன் சாரம். அப்படிச் செய்ய அவருக்கு அனுமதி தரும் விதி எதுவுமே அன்று கிடையாது!

நாடாளுமன்ற நடைமுறையைப் பற்றிப் படிப்பவர்கள் இந்தக் காலைப் பொழுதைத் தாண்டித்தான் போக வேண்டும். ரகளை செய்தவர்கள் ஒரு பக்கம், ஒழுங்கைக் காத்தவர்கள் மறுபக்கம் என்று இந்தக் கதையைச் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சபையின் ஒழுங்கு கெடுவதற்கு முன்னால் அரசாங்கம் போட்ட ஒரு வரிசை இருந்தது. எந்த மசோதா முதலில், எந்த மசோதா பிறகு என்ற வரிசை. அதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது.

கொஞ்சம் பின்னால் போவோம்.

1880 ஏப்ரல் தேர்தலில் லிபரல் கட்சி பெரிய பெரும்பான்மையோடு ஜெயித்தது. வில்லியம் க்ளாட்ஸ்டன் இரண்டாவது முறையாகப் பிரதமர் ஆனார். அப்போது அவருக்கு வயது 70. அதே தேர்தலில் அயர்லாந்திலிருந்து சுயாட்சி கேட்கும் உறுப்பினர்கள் அறுபது பேருக்கு மேல் வந்தார்கள். அவர்களுக்குத் தலைவரானவர் சார்லஸ் பார்னல். வேடிக்கை என்னவென்றால் இவரே ஒரு நிலப்பிரபு, அதுவும் கத்தோலிக்கர் அல்ல, புராட்டஸ்டன்ட்!

அயர்லாந்தில் நிலைமை மோசமாக இருந்தது. 1879ல் விளைச்சல் பொய்த்தது. குத்தகை கட்ட முடியாதவர்களை நிலத்திலிருந்து வெளியேற்றினார்கள். அந்த வருடம் அக்டோபரில் மைக்கேல் டாவிட்டின் முயற்சியால் நிலக் கழகம் தொடங்கியது, பார்னல் அதன் தலைவர். வெளியேற்றப்பட்டவனின் நிலத்தை எவன் எடுக்கிறானோ அவனோடு பேசாதே, அவனுக்கு எதையும் விற்காதே என்பது அவர்கள் ஆயுதம். 1880 இலையுதிர் காலத்தில் மேயோ மாவட்டத்தில் எர்ன் பிரபுவின் ஏஜெண்டாக இருந்த கேப்டன் பாய்காட்டுக்கு இதைத்தான் செய்தார்கள். நாம் இன்றும் சொல்லும் 'பாய்காட்' அந்த மனிதரின் பெயர்தான்.

க்ளாட்ஸ்டன் அரசு முதலில் சரியான இடத்தில்தான் கை வைத்தது. வெளியேற்றப்படும் குத்தகைதாரருக்கு நஷ்டஈடு தர ஒரு மசோதா கொண்டுவந்தது. காமன்ஸ் சபை நிறைவேற்றியது. 1880 ஆகஸ்டில் பிரபுக்கள் சபை அதை 51க்கு எதிராக 282 வாக்குகளில் தூக்கி எறிந்தது. சட்டப்படி நிவாரணம் தரும் வழி அங்கேயே அடைபட்டது. அந்த வருடம் அயர்லாந்தில் பதிவான நிலத் தகராறுக் குற்றங்கள் 2,500க்கும் மேல், அவற்றில் பாதிக்கு மேல் கடைசி மூன்று மாதங்களில். (பெரும்பாலானவை மிரட்டல் கடிதங்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

இப்போது மந்திரி சபைக்குள் சண்டை. அயர்லாந்து விவகாரத்தைக் கவனித்த அமைச்சர் ஃபார்ஸ்டர், சந்தேகப்படும் எவரையும் விசாரணை இல்லாமல் சிறையில் வைக்க அதிகாரம் வேண்டும் என்று நின்றார். ஜான் பிரைட், ஜோசப் சேம்பர்லின் போன்றவர்களுக்கு அதில் விருப்பம் இல்லை. க்ளாட்ஸ்டனுக்கும் உள்ளூர நிலச் சீர்திருத்தத்தில்தான் மனம். கடைசியில் சமரசம் ஆயிற்று: முதலில் அடக்குமுறைச் சட்டம், பிறகு நிலச் சட்டம். கட்சி உடையாமல் இருக்க இந்த வரிசை உதவியது. ஆனால் அயர்லாந்துக்காரன் காதில் இது எப்படி விழுந்திருக்கும்? முதலில் அடி, சோறு அப்புறம்!

பார்னல் கட்சியிடம் பெரும்பான்மை இல்லை. அவர்களிடம் இருந்தது நேரம் மட்டும்தான். அந்தக் காலத்தில் ஒரு உறுப்பினர் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். யாரும் நிறுத்த முடியாது. இடையில் 'சபையை ஒத்திவைக்க வேண்டும்' என்று ஒருவர் தீர்மானம் கொண்டுவரலாம், அதன் மேலும் எல்லோரும் பேசலாம். அது தோற்றால் இன்னொருவர் அதையே கொண்டுவரலாம். கண்ணியமானவர்கள் இதையெல்லாம் துஷ்பிரயோகம் செய்ய மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் பல நூறு வருடங்கள் சபை ஓடியது. அந்த நம்பிக்கையை முதலில் கலைத்தவர் நம் பிகர். 1875ல் நான்கு மணி நேரம் அரசு அறிக்கைகளைச் சபையில் படித்துக் காட்டினார். அதே வருடம் 'அந்நியர்கள் இருக்கிறார்கள்' என்று ஒரு பழைய விதியைச் சொல்லி, பார்வையாளர் மாடத்தில் இருந்த வேல்ஸ் இளவரசரையே வெளியே அனுப்ப வைத்தார்!

இதில் க்ளாட்ஸ்டனுக்கு ஒரு சங்கடம் உண்டு. 1857ல் விவாகரத்து மசோதா வந்தபோது ஒவ்வொரு பிரிவிலும் விடாமல் எழுந்து பேசி எதிர்த்தவர் அவரேதான்.

1881 ஜனவரி 24 அன்று ஃபார்ஸ்டர் அடக்குமுறை மசோதாவைக் கொண்டுவர அனுமதி கேட்டார். மறுநாள், அதற்கு மற்ற வேலைகளைவிட முன்னுரிமை தரவேண்டும் என்று க்ளாட்ஸ்டன் தீர்மானம் வைத்தார். அந்த ஒரு தீர்மானத்துக்கே கூட்டம் 22 மணி நேரம் ஓடியது. அடுத்த வாரம்தான் நாம் ஆரம்பத்தில் பார்த்த அந்த நீண்ட கூட்டம்.

சபாநாயகர் பிராண்ட் திடீரென்று பொங்கி எழவில்லை. பிரதமரோடு முன்கூட்டியே பேசி வைத்திருந்தார். நான் புதன் காலை விவாதத்தை நிறுத்துகிறேன், நீங்கள் சபை விதிகளைத் திருத்தத் தீர்மானம் கொண்டுவர வேண்டும் என்பது ஏற்பாடு. எதிர்க்கட்சியான கன்சர்வேடிவ் கட்சியின் தலைவர் நார்த்கோட்டுக்கும் விஷயம் தெரியும். பிராண்ட் ஒரு காலத்தில் லிபரல் கட்சியின் கொறடாவாக இருந்தவர் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். காலை ஒன்பதரை மணிக்குள் வாக்கெடுப்பு நடந்தது, 164க்கு 19. அயர்லாந்து உறுப்பினர்கள் 'உரிமை! உரிமை!' என்று கத்திக்கொண்டு வெளியேறினார்கள். மொத்தம் 41 மணி நேரத்துக்கும் மேல்.

பிராண்ட் செய்தது சரியா? வேறு வழி இருக்கவில்லை என்றே நினைக்கிறேன். அறுபது பேர் அறுநூற்றுச் சொச்சம் பேரை நிரந்தரமாகக் கட்டிப்போட்டால் அது சபையே இல்லை. ஆனால் ஒழுங்கைக் காக்க விதியை மீற வேண்டியிருந்தது என்பதை மறக்க முடியவில்லை. அடுத்த நாள் நடந்தது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

பிப்ரவரி 3 அன்று டாவிட் கைது செய்யப்பட்டார். 1870ல் தண்டனை பெற்று, 1877ல் நிபந்தனையின் பேரில் வெளியே வந்தவர் அவர். அந்த நிபந்தனைச் சீட்டை அரசு ரத்து செய்துவிட்டது. சபையில் பார்னல் இதைக் கேட்டார். உள்துறை அமைச்சர் ஹார்கோர்ட் ஆம் என்றார். ஆளுங்கட்சி வரிசைகளில் ஆரவாரம். க்ளாட்ஸ்டன் புதிய விதிகளை முன்மொழிய எழுந்தபோது டில்லன் உட்கார மறுத்தார், சஸ்பெண்ட். பிரதமரைப் பேச விடக்கூடாது என்று தீர்மானம் சொன்ன பார்னல், சஸ்பெண்ட். மற்றவர்கள் வாக்கெடுப்புக்கு எழுந்து போக மறுத்தார்கள். இரவுக்குள் 36 பேர் வெளியே. அன்றைய விதிப்படி இந்தத் தண்டனை அந்தக் கூட்டம் முடியும் வரைதான், மறுநாள் திரும்பி வரலாம். ஆனால் அந்த ஒரு இரவு போதுமானதாக இருந்தது. யாருடைய வாயை அடைக்க விதி எழுதப்பட்டதோ அவர்கள் இல்லாத சபையில் அந்த விதி நிறைவேறியது. குறைந்தது 300 பேர் கூடி, மூன்றுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் 'அவசரம்' என்று அறிவித்தால் சபாநாயகர் கையில் முழு அதிகாரம்.

அடக்குமுறைச் சட்டம் மார்ச் தொடக்கத்தில் வந்துவிட்டது. நிலச் சட்டம் ஆகஸ்ட் 22ல்தான் வந்தது. உண்மையில் அது பெரிய சட்டம். நியாயமான குத்தகையை நீதிமன்றமே 15 வருடத்துக்கு நிர்ணயிக்கும், குத்தகை ஒழுங்காகக் கட்டுபவனை வெளியேற்ற முடியாது, தன் உரிமையை அவன் விற்கலாம். ஆறு மாதம் முன்னால் இது வந்திருந்தால் அயர்லாந்து இதை வேறு மாதிரி வாங்கியிருக்கும். இப்போதோ சந்தேகத்தோடு பார்த்தது. அக்டோபரில் பார்னலே கில்மெய்ன்ஹாம் சிறைக்குப் போனார். 1882 மே மாதம் அவரை வெளியே விடும்போது, குத்தகை பாக்கி உள்ளவர்களுக்கும் சலுகை தருவதாக அரசு இறங்கி வந்தது. ஃபார்ஸ்டர் ராஜினாமா செய்தார். அவருக்குப் பதில் வந்த கேவன்டிஷ் பிரபு, டப்ளினில் இறங்கிய அன்றே ஃபீனிக்ஸ் பூங்காவில் குத்திக் கொல்லப்பட்டார்.

சபை விதிகளின் கதை இங்கே நிற்கவில்லை. 1882 இலையுதிர் காலத்தில், விவாதத்தை வாக்கெடுப்பால் முடிக்கும் விதியை க்ளாட்ஸ்டன் நிரந்தரமாக்கினார். பிடிக்காதவர்கள் அதைப் பிரெஞ்சு உச்சரிப்பில் 'க்ளோத்யூர்' என்று சொல்லிக் கேலி செய்தார்கள். 1887ல் சாலிஸ்பரியின் கன்சர்வேடிவ் அரசு அடுத்த படிக்குப் போனது. இன்னொரு அயர்லாந்து அடக்குமுறை மசோதாவுக்காக, குறித்த நாளில் குறித்த மணி அடித்ததும் விவாதிக்காத பிரிவுகள் எல்லாம் நேராக வாக்கெடுப்புக்கு. இதற்குப் பெயர் கில்லட்டின். நம் லோக்சபாவில் பட்ஜெட் மானியக் கோரிக்கைகளை ஒரே வீச்சில் நிறைவேற்றும்போது பயன்படுத்துவதும் இதே சொல்தான். 2018ல் அமளிக்கு நடுவே எல்லா மானியங்களும் விவாதமே இல்லாமல் அரை மணி நேரத்தில் முடிந்தன.

இனி கடைசிக் காட்சி. 1893. பார்னல் இறந்து இரண்டு வருடம். 83 வயது க்ளாட்ஸ்டன் மறுபடி பிரதமர். அயர்லாந்துக்குச் சுயாட்சி தரும் இரண்டாவது மசோதாவை அவரே கொண்டுவந்திருக்கிறார். இப்போது முட்டுக்கட்டை போடுவது கன்சர்வேடிவ் கட்சியும், லிபரல் கட்சியை விட்டுப் போன சேம்பர்லின் கூட்டமும். க்ளாட்ஸ்டன் கில்லட்டினைக் கையில் எடுத்தார். அயர்லாந்து உறுப்பினர்கள் அதற்குக் கை தூக்கினார்கள்! ஜூலை 27, இரவு பத்து மணி, கத்தி விழும் நேரம். பேசிக்கொண்டிருந்த சேம்பர்லினைப் பார்த்து ஒரு அயர்லாந்து உறுப்பினர் 'யூதாஸ்' என்று கத்த, சபை நடுவில் அடிதடி. சட்டைகள் கிழிந்தன. மசோதா காமன்ஸ் சபையில் எப்படியோ தேறி, செப்டம்பரில் பிரபுக்கள் சபைக்குப் போனது. அங்கே ஆதரவு 41, எதிர்ப்பு 419.