மன்றும் மந்தையும்

பழையகோட்டைப் பட்டக்காரர்களின் பட்டம் மன்றாடியார். காங்கேயம் மாட்டை இனம் பிசகாமல் காத்து வளர்த்த வீடு அது. பட்டத்தைக் கேட்டதும் நமக்குத் தில்லை ஞாபகம் வரும்; மன்றில் ஆடுகிறவன் மன்றாடி. சோழர் கல்வெட்டுகளிலோ மன்றாடி என்பவன் இடையன். ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடு என்று அவன் வசம் விடப்படும். தினம் உழக்கு நெய் அவன் அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். செத்தாலும் கிழடானாலும் எண்ணிக்கை குறையக் கூடாது என்ற நிபந்தனையை ஒரு கணக்கன் இப்படிச் சொல்லியிருக்கிறான். பட்டத்தை நடனத்தோடு சேர்ப்பவர்கள் சேர்க்கட்டும், நான் மாட்டின் பக்கம்.

மன்று முதலில் மாடு நிற்கிற இடம். சங்கக் கவிதையில் மாலையில் பசுக்கள் மன்றுக்குத் திரும்புகின்றன. அதே மன்றத்தில், அதே மரத்தடியில், ஊர்ப் பெரியவர்கள் வழக்குத் தீர்க்கிறார்கள். நிழல் ஒன்றுதான்.

ஒன்று என்பது மலையாளத்தில் ஒந்நு, கன்னடத்தில் ஒந்து. இதே தடத்தில் மன்றம் மலையாளத்தில் மந்நம் ஆகிறது. அங்கே மாடு விலகிவிட, தீர்ப்புச் சொல்லும் இடம் மட்டும் மிஞ்சுகிறது. பாலக்காட்டு மன்னாடியாரும் நம் மன்றாடியாரும் கணவாயின் இரு பக்கமும் ஒரே சொல்லைத்தான் சுமக்கிறார்கள் என்பது என் எண்ணம். கன்னட மந்தெ, தெலுங்கு மந்த இரண்டிலும் கூட்டமாய் நிற்கிற கால்நடைதான் அர்த்தம். நீலகிரியில் தோடர் குடியிருப்பு மந்து. எருமை, பால் மனை, குடும்பம் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். தோடர் மொழியில் குலத்துக்கும் அதுவே பெயர். வெள்ளைக்காரன் அதை 'மண்ட்' என்று எழுதி ஊட்டக்கமண்ட் ஆக்கினான். நம் அரசாங்கம் திருத்தி உதகமண்டலம் என்றது. மந்து மண்டலமானதில் எருமைக்கு இடமில்லாமல் போயிற்று.

வட ஐரோப்பாவில் இதற்கு ஒரு ஜோடி உண்டு. ஐஸ்லாந்தில் 930இல் கூடிய சபை அல்திங்கி. அங்கே 'திங்' இன்றும் சபைதான். பொருளைக் குறிக்க வேறு சொல். டேனிஷில் 'டிங்' என்றால் ஒரு சாமான்; பாராளுமன்றமும் ஃபோல்கெடிங்தான். நார்வேக்காரனுக்கு 1814 முதல் ஸ்டோர்டிங். ஸ்வீடனில் அதே சொல் கீழ்க்கோர்ட்டின் பெயரில் உட்கார்ந்திருக்கிறது. ஆங்கிலத்தில் சபை அடியோடு மறந்துபோய் வெறும் வஸ்து மிஞ்சிவிட்டது. கூடியவர்கள் பேசிய விவகாரம் பொருளாகிப் போனதுதான் கதை. யாரும் யாரையும் இதற்காகக் கேவலப்படுத்தவில்லை.

நம் கதை அப்படியில்லை. மன்றம் ஏறிற்று: நீதிமன்றம், சட்டமன்றம், ஏன், ரசிகர் மன்றம். மந்தை இறங்கிற்று. தெற்கத்தி ஊர்களில் மந்தை இன்றும் ஓர் இடம்தான். மந்தையம்மன் அங்கே நிற்கிறாள், பஞ்சாயத்து அங்கேதான் கூடுகிறது. வேதாகமத் தமிழில் மந்தை மேய்ப்பனின் பரிவுக்கு உரியது. நாம்தான் நீட்சேயை அரைகுறையாக வாசித்து அதை வசவாக்கினோம். வாசக ஜனங்களை மந்தை என்று திட்டாத சிறுபத்திரிகைத் தலையங்கம் எத்தனை? நானும் எழுதியிருக்கிறேன். பிறகு ஒரு மொட்டை மாடியில் பத்துப் பேர் கூடி அதற்கு இலக்கிய மன்றம் என்று பெயர் வைத்தோம்.

இத்தனைக்கும் காங்கேயத்தில் மந்தையே அபூர்வம். இங்கே மாடு மேய்வது கொறங்காட்டில். கிளுவை வேலி, கொழுக்கட்டைப் புல், நடுவே வெள்வேல மரம். படலைச் சாத்திவிட்டால் கூட மேய்ப்பவன் வேண்டாம். மாடு தன் பாட்டுக்கு மேயும். வெயில் ஏறினால் வெள்வேல நிழலில் வந்து சேர்ந்து நிற்கும். யாரும் கூட்டிச் சேர்ப்பதில்லை.

ஆக எஞ்சுவது வினைச்சொல். மன்றில் நின்று வழக்காடியதுதான் மன்றாடுதல் என்று கொண்டால், அது எப்போது கெஞ்சுவதாயிற்று? மாதா கோயிலில் மன்றாட்டு என்றால் ஜெபம். கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவர் கடைசி வரியில் 'மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்' என்று போட்டு, கைநாட்டுக்கு இடம் விடுகிறார்.