வேக்யூம் க்ளீனரை மூக்குல மாட்டிக்கிட்டுத் தூங்கின மனுஷன்

1956ல அமெரிக்காவுல பர்வெல்னு ஒரு டாக்டரும் அவரோட சகாக்களும் ஒரு மருத்துவக் கட்டுரை எழுதினாங்க. அதுல வர்ற நோயாளி ஒரு கம்பெனி அதிகாரி. வாராவாரம் சீட்டாடறவர். ஒருநாள் போக்கர் ஆட்டத்துல அவர் கைக்கு மூணு ஏஸ், ரெண்டு கிங் வந்துது. ஆடறவங்களுக்குத் தெரியும், அந்த மாதிரி கை லேசுல வராது. மனுஷன் அதைக் கையில பிடிச்சபடியே தூங்கிட்டார்! அதுக்கப்புறம்தான் ஆஸ்பத்திரிக்குப் போகணும்னே அவருக்குத் தோணியிருக்கு.

சார்லஸ் டிக்கன்ஸோட பிக்விக் நாவல்ல (1836-37) எப்பப் பார்த்தாலும் தூங்கி விழற ஜோங்கற குண்டுப் பையன் ஒருத்தன் வருவான். பர்வெல் அவன் ஞாபகமா இந்த வியாதிக்கு 'பிக்விக்கியன் சிண்ட்ரோம்'னு பேர் வெச்சார். குண்டா இருக்கறதால மூச்சு சரியா வரலை, அதான் பகல்ல தூக்கம்ங்கறது அவங்க கணிப்பு. ராத்திரி என்ன நடக்குதுன்னு பக்கத்துல உக்காந்து பார்க்கணும்னு யாருக்கும் பெருசா தோணலை. நம்ம ஊரா இருந்தா 'கும்பகர்ணன்'னு ஒரு பட்டம் கொடுத்துட்டுப் போயிருப்போம், அவ்ளோதான். குறட்டையை இன்னிக்கும் காமெடி சீனாத்தானே பார்க்கறோம்?

1965ல பிரான்ஸ்ல மார்செய் நகரத்துல கஸ்தோ குழுவும், ஜெர்மனியில யுங், கூலோ ரெண்டு பேரும் தனித்தனியா ராத்திரி பூரா மூச்சையும் மூளை அலையையும் பதிவு பண்ணிப் பார்த்தாங்க. அப்பதான் குட்டு உடைஞ்சுது. தூக்கத்துல தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுக்குழாயை மூடிடுது. நெஞ்சு காத்துக்காகப் போராடுது, காத்து உள்ளே போகமாட்டேங்குது. ரத்தத்துல ஆக்ஸிஜன் இறங்குது. மூளை பதறிப்போய் ஒரு சில நொடி முழிக்குது, ஒரு பெரிய குறட்டையோட மூச்சு திரும்ப வருது. மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. இப்படி ஒரே ராத்திரியில நூத்துக்கணக்கான தடவை. காலையில கேட்டா 'நல்லாத்தான் தூங்கினேன்'ம்பாங்க.

1969ல கூலோ குழு சொன்ன வைத்தியம்: கழுத்துல ஓட்டை. மேலே அடைச்சா என்ன, அடைப்புக்குக் கீழே ஒரு வழி விட்டுட்டா போச்சு. பிரமாதமா வேலை செஞ்சுது. ஆனா பேசணும்னா ஓட்டையை அடைச்சுக்கணும், குளிக்கும்போது தண்ணி போகாம பார்த்துக்கணும், சளியை எடுத்துக்கிட்டே இருக்கணும். சாகாம இருக்கறதுக்கு அந்த விலை. நிறைய பேர் வேண்டாம்னுட்டாங்க.

இனிமேதான் நம்ம ஹீரோ என்ட்ரி. காலின் சல்லிவன், சிட்னி டாக்டர். கனடாவுல இருந்தப்ப நாய்களோட தூக்கத்தையும் மூச்சையும் ஆராய்ச்சி பண்ணினவர். நாய் மூஞ்சிக்கு மாஸ்க் செஞ்ச அனுபவம் உண்டு. 1980 ஜூன்ல, கழுத்துல ஓட்டை போடணும்னு முடிவான ஒரு நோயாளிகிட்ட 'இதை முயற்சி பண்ணிப் பார்க்கறீங்களா'ன்னு கேட்டார். வேக்யூம் க்ளீனர் மோட்டாரோட காத்து வெளியேத்தற பக்கத்துல குழாயை மாட்டி, மறுமுனையை மூக்குல காத்து கசியாம ஒட்டிவிட்டார். இழுக்கற மெஷினை ஊத வெச்சாச்சு!

அழுத்தத்தை ஏத்தினதும் அடைப்பு நின்னுபோச்சு. இறக்கினா திரும்ப வந்துது. அந்த மனுஷன் ஆழ்ந்து தூங்கிட்டார். அஞ்சு நோயாளிகளை வெச்சு 1981 ஏப்ரல்ல லான்செட் இதழ்ல கட்டுரை வந்துது. தேவைப்பட்ட அழுத்தம் எவ்வளவு தெரியுமா? 4.5ல இருந்து 10 சென்டிமீட்டர் தண்ணி. அதாவது ஒரு டம்ளர் தண்ணியோட அடியில இருக்கற அழுத்தம். கத்தி எடுத்த இடத்துல ஒரு டம்ளர் தண்ணி கணக்கு காத்து போதும்னு ஆயிடுச்சு. எனக்கு இந்த வரலாற்றுலேயே பிடிச்ச இடம் இதுதான்.

இதுக்குப் பேர்தான் சிபாப். 1985ல அமெரிக்காவுல ரெஸ்பிரானிக்ஸ் கம்பெனி இதைக் கடைச்சரக்கா கொண்டுவந்துது. 1989ல சல்லிவனோட கண்டுபிடிப்பை வெச்சு சிட்னியில ஆரம்பிச்ச ரெஸ்கேர்தான் பின்னாடி ரெஸ்மெட்னு பேர் மாத்திக்கிச்சு. ரெஸ்பிரானிக்ஸை 2008ல ஃபிலிப்ஸ் வாங்கிடுச்சு.

நிற்க. இவ்ளோ தோண்ட வெச்சது எங்க மாமா. ஏழெட்டு வருஷமா சிபாப் போட்டுக்கறவர். பழைய மெஷின் இழுக்க ஆரம்பிச்சுடுச்சு. 'மாப்ளே, நீதான் கம்ப்யூட்டர்ல இருக்கியே, சத்தம் கம்மியா எது இருக்குன்னு பார்த்துச் சொல்லு, உங்க அத்தை தூங்க விடமாட்டேங்கறா'ன்னார். பொட்டி தட்டறவனுக்கு உலகத்துல இருக்கற எல்லா மெஷினும் தெரியும்ங்கறது எங்க குடும்ப நம்பிக்கை :-)

ஆனா மாமா கேட்ட அந்த ஒரே கேள்விதான் இந்தத் தொழிலையே நாப்பது வருஷமா ஓட்டிக்கிட்டு வந்திருக்கு. வேக்யூம் க்ளீனர் மோட்டாரைத் தலைமாட்டுல வெச்சுக்கிட்டு எவன் தூங்குவான்? அதனால போட்டியெல்லாம் சத்தத்தைக் குறைக்கறதுலதான். மோட்டார் சின்னதாச்சு, பொட்டி சின்னதாச்சு. மிச்சம் இருந்த இரைச்சலை உறிஞ்ச, பொட்டிக்குள்ள காத்து போற வழியில நுரைப்பஞ்சு வெச்சாங்க. 30 டெசிபலுக்கும் கீழே வந்தாச்சு.

2021 ஜூன் 14. ஃபிலிப்ஸ் தன்னோட லட்சக்கணக்கான மெஷின்களைத் திரும்ப வாங்கிக்கறதா அறிவிச்சுது. அந்தப் பஞ்சு பாலியஸ்டர் வகை பாலியூரித்தேன். பீரோவுல ரொம்ப நாள் பூட்டி வெச்ச ஷூவை எடுத்தா அடிப்பாகம் பொடிப்பொடியா உதிருமே, பார்த்திருக்கீங்களா? பெரும்பாலும் அதே சங்கதிதான். ஈரமும் சூடும் சேர்ந்தா அந்த ரசாயனக் கட்டு அவிழ்ந்துடும். உதிர்ந்த கருப்புத் துகளும் அதுல இருந்து கிளம்பற வாயுவும் எங்கே போகும்? நேரா நுரையீரலுக்கு. கழுத்தை வெட்டாம இருக்க வந்த மெஷின், அத்தை தூக்கம் கெடாம இருக்க வெச்ச பஞ்சு, கடைசியில அதுவே வினை.

மெஷினை நிறுத்தினா பழையபடி மூச்சு அடைக்கும், போட்டா பஞ்சைச் சுவாசிக்கணும். ரெண்டுல எதுன்னு நோயாளிகள் முழிச்சாங்க. அமெரிக்காவோட எஃப்டிஏவுக்கு லட்சத்துக்கும் மேல புகார் போச்சு (புகார்ங்கறது நிரூபணம் இல்லை, அதையும் சொல்லிடணும்). மாத்து மெஷின் கிடைக்க மாசக்கணக்கு, சிலருக்கு வருஷக்கணக்கு. ரெஸ்மெட்டுக்கு ஆர்டர் குவிஞ்சுது, ஆனா அது உலகம் பூரா சிப் பஞ்சம் ஓடின நேரம். கடைசியில மோடம் இல்லாம, பழையபடி எஸ்டி கார்டு வெச்ச மாடலை 2022ல இறக்கினாங்க. 2024 ஜனவரியில, அமெரிக்காவுல புதுசா மெஷின் விக்கறதை நிறுத்தறோம்னு ஃபிலிப்ஸ் சொல்லிடுச்சு. அதே வருஷம் ஏப்ரல்ல வழக்குகளைத் தீர்க்க 110 கோடி டாலர் கொடுக்க ஒத்துக்கிச்சு.

ஆக, மாத்து மெஷின் வாங்கறவங்க டெசிபலைக் கேட்கறதுக்கு முன்னாடி, சத்தத்தை எதை வெச்சு அடக்கியிருக்காங்கன்னு கேட்கணும். சிலிகான் பஞ்சு உண்டு, பாலிஈதர் வகை உண்டு. பாலிஈதர் ஈரத்துக்கு அவ்வளவு சீக்கிரம் மசியாது. சென்னை மாதிரி கடலோரப் புழுக்கத்துல இருக்கறவங்களுக்கு இது சும்மா தகவல் இல்லை. யாராவது பழைய மெஷினை மலிவா தர்றேன்னா, சீரியல் நம்பரை அந்த அறிவிப்போட ஒத்துப் பார்க்காம தொடாதீங்க. ஓசோன் விட்டு சுத்தம் பண்ணித் தர்ற டப்பாவும் வேண்டாம். அப்போ அதுக்கு அனுமதி இல்லைன்னு எஃப்டிஏ 2020ல எச்சரிச்சுது. மாஸ்க், குழாய்க்கெல்லாம் சோப்புத் தண்ணி போதும்.

அப்புறம் அந்த எஸ்டி கார்டு. மோடம் வெச்ச மெஷின் ராத்திரி கணக்கையெல்லாம் கம்பெனிக்கு அனுப்பிடும். நமக்குத் தெரியறது அவங்க ஆப் காட்டற நாலு நம்பர். ஆனா ஸ்லீப்பிஹெட்னு ஒரு இலவச மென்பொருள் இருந்துது. 2019ல அது நின்னதும், ஆர்வலர்கள் அந்த நிரலை எடுத்து ஆஸ்கர்ங்கற பேர்ல தொடர்ந்தாங்க. கார்டைக் கம்ப்யூட்டர்ல சொருகினா எத்தனை மணிக்கு எத்தனை நொடி மூச்சு நின்னுது, மாஸ்க் எங்கே கசிஞ்சுதுன்னு அலை அலையா காட்டும். 1965ல மார்செயில ராத்திரி முழிச்சு உக்காந்து எடுத்த பதிவுல ஒரு பங்கு, இப்ப நம்ம மேஜை மேல. அதனால கார்டு போடற இடம் இருக்கா, ஆஸ்கர் அதைப் படிக்குமா, ரெண்டையும் பார்த்துட்டு வாங்குங்க.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. எத்தனை சென்டிமீட்டர் அழுத்தம்ங்கறதை டாக்டர்தான் எழுதித் தரணும். பழைய மெஷின்ல இருந்த நம்பரை அப்படியே புதுசுல போடறதுக்கு முன்னாடி அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க, வருஷங்கள்ல உடம்பு எடை மாறியிருக்கும்.