பெர்சி ஸ்காட்

சர் பெர்சி மோர்ட்டன் ஸ்காட் (10 ஜூலை 1853 – 18 அக்டோபர் 1924) பிரிட்டிஷ் அரச கடற்படையின் அட்மிரல். நீராவிப் போர்க்கப்பல்களின் பீரங்கிகள் குறி தவறாமல் சுடுவதற்கான முறைகளையும் கருவிகளையும் உருவாக்கியவர். அவர் தம் காலம் முழுவதும் ஏதேனும் ஒரு மேலதிகாரியுடன் மல்லுக்கட்டிக்கொண்டே இருந்தார்.

லண்டனில் பிறந்த ஸ்காட் 1866-இல் பயிற்சி மாணவராகக் கடற்படையில் சேர்ந்தார். அது பாயும் நீராவியும் ஒரே கப்பலில் இருந்த காலம். கப்பலின் மினுமினுப்பும் பாய் விரிக்கும் வேகமும்தான் கேப்டனின் தகுதியைக் காட்டின. பீரங்கிப் பயிற்சி பெயரளவுக்கு நடந்தது. வெடிப்புகை பெயின்ட்டைக் கெடுக்கும் என்பதால் பயிற்சிக் குண்டுகளைக் கடலில் கொட்டிவிட்டுக் கணக்கை நேர்செய்த கப்பல்களும் உண்டு என்பார்கள். போர்ட்ஸ்மவுத் பீரங்கிப் பள்ளியான 'எக்ஸலன்ட்'டில் தேர்ந்த ஸ்காட், 1882 எகிப்துப் போரில் பணியாற்றினார். துறைமுகத்தில் தோண்டிய சேற்றைக் கைதிகளைக் கொண்டு கொட்டி உருவான வேல் தீவு அந்தப் பள்ளியின் இருப்பிடமானதிலும் அவருக்குப் பெரும் பங்குண்டு. 1893-இல் கேப்டன் ஆனார்.

அவர் பெயர் வெளியே தெரிந்தது 1896 முதல் மத்தியதரைக் கடலில் அவர் தலைமையேற்ற 'சில்லா' என்ற சிறு குரூசரால். அலையில் கப்பல் உருளும்போது, குறி இலக்கின் மேல் வரும் நொடிக்காகக் காத்திருந்து சுடுவதே அன்றைய வழக்கம். அந்த நொடியைப் பிடித்து விசையை அழுத்துவதற்குள் கப்பல் சாய்ந்துவிடும். குண்டு கடலில் விழும். 1898-இல் ஒரு சூட்டுப் பயிற்சியில் ஒரேயொரு பீரங்கியாளர் மட்டும் மற்றவர்களைவிட மிக நன்றாகச் சுட்டார். ஸ்காட் அவரை உற்றுக் கவனித்தார். கப்பலின் உருளலுக்கேற்ப ஏற்ற இறக்கச் சக்கரத்தை இடைவிடாமல் சுழற்றி, அவர் குறியை இலக்கிலேயே நிறுத்தி வைத்திருந்தார். தாம் புதிதாக எதையோ செய்வதாக அவர் எண்ணியதாகத் தெரியவில்லை.

ஒருவருக்குக் கைவந்த வித்தையை எல்லோருக்கும் பழக்க ஸ்காட் முனைந்தார். பல்சக்கர விகிதத்தை மாற்றிப் பீரங்கியை எளிதாக ஏற்றி இறக்க வகை செய்தார். தொலைநோக்கிக் குறிகளைச் சீர்படுத்தினார். பயிற்சிக்கென்று ஒரு கருவியும் செய்தார். பீரங்கியின் முன்னே ஒரு சிறு இலக்கு மேலும் கீழும் நகரும். பீரங்கியாளர் குறியை அதனோடு நகர்த்தி விசையை அழுத்தினால் பென்சில் ஒன்று அட்டையில் புள்ளி வைக்கும். குண்டு ஒன்றும் செலவாகாது, துறைமுகத்தில் நின்றபடியே நாள் முழுவதும் பழகலாம். 1899 போட்டிச் சூட்டில் 'சில்லா'வின் 4.7 அங்குல பீரங்கிகள் 70 குண்டுகளில் 56-ஐ இலக்கில் சேர்த்தன, அதாவது 80 விழுக்காடு. கடற்படையில் பலர் இதை நம்ப மறுத்தனர்.

அதே ஆண்டு 'டெரிபிள்' குரூசருடன் தென்னாப்பிரிக்கா சென்றபோது போயர் போர் மூண்டிருந்தது. போயர்களின் நெடுந்தொலைவுப் பீரங்கிகளுக்கு ஈடாகத் தரைப்படையிடம் ஏதும் இல்லை. ஸ்காட், கப்பல் பீரங்கிகளைத் தரையில் நிறுத்தும் தாங்கிகளையும் வண்டிகளையும் சைமன்ஸ் டவுன் பட்டறையில் அவசரமாகச் செய்வித்தார். 'பவர்ஃபுல்' கப்பல் அவற்றுள் சிலவற்றை டர்பனுக்குக் கொண்டுபோக, போயர்களின் முற்றுகை இறுகுமுன் அவை லேடிஸ்மித் நகரைச் சேர்ந்தன. பின் டர்பன் நகரின் ராணுவப் பொறுப்பும் அவரிடம் வந்தது. 1900-இல் 'டெரிபிள்' சீனக் கடலுக்குச் சென்றது. அங்கே அவரைச் சந்தித்த அமெரிக்க அதிகாரி வில்லியம் சிம்ஸ், தம் மேலதிகாரிகள் காதில் போட்டுக்கொள்ளாததால் ஸ்காட்டின் சூட்டு முறையை அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டுக்கே எழுதித் தம் கடற்படையில் நுழைத்தார்.

அட்மிரல் ஃபிஷர் கடற்படைத் தலைமைக்கு வந்தபின், 1905-இல் ஸ்காட் இலக்குப் பயிற்சி ஆய்வாளரானார். 1907-இல் குரூசர் பிரிவொன்றின் தலைமையில் இருந்தபோது நடந்தது புகழ்பெற்ற 'பெயின்ட்' தகராறு. ஜெர்மன் கைசரின் வருகைக்காகக் கப்பல்களுக்கு வண்ணம் பூசும்படி தலைமை அட்மிரல் பெரஸ்ஃபோர்ட் ஆணையிட்டிருந்தார். கூடுதலாகச் சுட்டுப் பழக அனுமதி கேட்ட 'ராக்ஸ்பரோ' கப்பலுக்கு, இப்போது பீரங்கியைவிடப் பெயின்ட்டுக்கே மவுசு, வந்து அலங்கரித்துக்கொள்ளுங்கள் என்ற பொருளில் ஸ்காட் சைகை அனுப்பினார். பெரஸ்ஃபோர்ட் அவரைக் கடற்படை முழுவதும் அறியக் கண்டித்தார். ஸ்காட் ஃபிஷரின் ஆதரவாளர், பெரஸ்ஃபோர்டோ ஃபிஷரின் பரம எதிரி. ஆகவே பத்திரிகைகளும் கட்சி கட்டின. நகைச்சுவைக்குச் சைகைக் கொடி ஏற்ற இடமில்லை என்பதை ஸ்காட் கடைசிவரை ஏற்கவில்லை.

அவருடைய பெரும் சாதனை, கப்பலின் முக்கியப் பீரங்கிகள் அனைத்தையும் பாய்மர உச்சியிலுள்ள ஒரே குறிகாட்டி மூலம் இயக்கும் முறை. கோபுரங்களில் இருப்பவர்களைப் புகையும் அலைத்துளியும் மறைக்கும். உச்சியில் இருப்பவருக்கு அந்தத் தொல்லை குறைவு. அவர் குறி பார்த்து விசையை அழுத்தினால் எல்லாப் பீரங்கிகளும் ஒரே நேரத்தில் வெடிக்கும். 1912 நவம்பரில் இந்தக் கருவி பொருத்திய 'தண்டரர்', பொருத்தாத 'ஓரையன்' கப்பலைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு இலக்கைத் தாக்கியது. அப்படியிருந்தும், 1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் தொடங்கியபோது எட்டுப் போர்க்கப்பல்களில் மட்டுமே அது இருந்தது.

1913-இல் பாரோனெட் பட்டம் பெற்ற ஸ்காட், 1914 ஜூனில் 'தி டைம்ஸ்' இதழுக்கு எழுதிய கடிதத்தில் நீர்மூழ்கிகளும் விமானங்களும் வந்தபின் பெரும் போர்க்கப்பல்களுக்கு வேலையில்லை என்றார். வாழ்நாளெல்லாம் அந்தக் கப்பல்களின் பீரங்கிகளைச் செம்மைப்படுத்தியவரே இப்படிச் சொன்னதைப் பலர் எள்ளி நகையாடினர். அதே ஆண்டு செப்டம்பர் 22 அன்று ஒரே ஜெர்மன் நீர்மூழ்கி மூன்று பிரிட்டிஷ் குரூசர்களை ஒன்றரை மணி நேரத்துக்குள் மூழ்கடித்தது. ஆனாலும் அவர் கணிப்பு முழுதும் சரி என்று சொல்லிவிட முடியாது: பெருங்கப்பல்கள் அந்தப் போர் முடியும்வரை கடலை ஆண்டன.

1915-இல் செப்பலின் ஆகாயக் கப்பல்கள் லண்டன்மீது குண்டு வீசியபோது, நகரின் விமான எதிர்ப்புப் பீரங்கிகளை அமைக்கும் பணி ஓய்விலிருந்த அவரிடம் தரப்பட்டது. அவர் நினைவுநூல் 1919-இல் வெளிவந்தது. கடற்படைத் தலைமையகத்தோடு இருந்த பழைய கணக்குகள் எதையும் அதில் அவர் மறந்துவிடவில்லை. மூத்த மகன் 1916 ஜட்லண்ட் போரில் இறந்துவிட்டதால், 1924-இல் ஸ்காட் மறைந்தபோது பட்டம் இளைய மகன் டக்ளசுக்குச் சென்றது.