முழக்கமும் விளக்கமும்

மேடைகள் பெருகிவிட்டன, ஒலிபெருக்கிகள் பெருகிவிட்டன, கைக்குள் அடங்கும் கருவியிலும் தலைவர்களின் குரல் கேட்கிறது. பேச்சு வளர்ந்திருக்கிறது, விளக்கம் வளர்ந்திருக்கிறதா? இதனை எண்ணிப் பார்க்க, நாம் அமெரிக்க நாட்டு இல்லினாய் மாநிலத்துக்குச் சென்று வருவோம்.

ஆண்டு 1858. மாந்தரை மாடெனக் கருதி விலை பேசி விற்ற காலம். செனட் சபை இடத்துக்கு இருவர் போட்டியிட்டனர். ஒருவர் ஸ்டீபன் டக்ளஸ் — பதவியில் இருந்தவர், நாவன்மை மிக்கவர். மற்றவர் ஆபிரகாம் லிங்கன் — வழக்கறிஞர். ஆகஸ்ட் 21 முதல் அக்டோபர் 15 வரை, ஏழு ஊர்களிலே இருவரும் ஒரே மேடையில் வாதிட்டனர். முதலில் பேசுபவருக்கு 60 நிமிடம். மறுப்புரைக்கு 90 நிமிடம். முதலில் பேசியவர் பதிலிறுக்க 30 நிமிடம். ஆக, மூன்று மணி நேரம்! வெயிலிலும் குளிரிலும் நின்று கேட்டனர் மக்கள். ஊர்வலமும் வாத்தியமும் இருந்தன, வசைமொழியும் இருந்தது. ஆனால், மூன்று மணி நேரத்தை வசையால் மட்டும் நிரப்ப எவராலும் இயலாது!

அந்தந்தப் பிரதேசத்து மக்களே அடிமைமுறை வேண்டுமா, வேண்டாமா என்று முடிவு செய்யட்டும் என்பது டக்ளசின் கொள்கை. கேட்க இனிக்கும் முழக்கம்! ஆனால், பிரதேசங்களில் அடிமைமுறையைத் தடுக்கக் காங்கிரசுக்கு அதிகாரமில்லை என்று 1857இல் டிரெட் ஸ்காட் வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. அதனையும் டக்ளஸ் ஆதரித்தார். இரண்டும் எப்படிப் பொருந்தும்? ஆகஸ்ட் 27 அன்று ஃப்ரீபோர்ட்டில், ஒரு பிரதேசத்து மக்கள், அது மாநிலம் ஆகுமுன்னரே, சட்டப்படி அடிமைமுறையை விலக்க முடியுமா என்று கேட்டார் லிங்கன். முடியும், காப்புச் சட்டங்களை இயற்ற மறுத்தால் அது நிலைக்காது என்றார் டக்ளஸ். மாநிலச் சட்டமன்றம் அவரையே தேர்ந்தெடுத்தது. ஆனால், தெற்கத்திய அடிமை உடைமையாளர்கள் சினந்தனர். 1860இல் அவரது கட்சி பிளவுபட்டது. லிங்கன் குடியரசுத் தலைவரானார்.

லிங்கனைப் பூசித்து நிற்பது நம் வேலையன்று. ஜூலையில் சிகாகோவிலே, இந்த இனம் தாழ்ந்தது என்னும் பேச்சை விட்டொழிப்போம் என்றவர், செப்டம்பர் 18இல் சார்ல்ஸ்டனிலே, கறுப்பருக்கு வாக்குரிமையும் சமூகச் சமத்துவமும் தாம் விரும்பியதில்லை என்றார்! வடக்கே ஒரு பேச்சு, தெற்கே ஒரு பேச்சா என மடக்கினார் டக்ளஸ். எல்லாம் அச்சாகும், எல்லாரும் படிப்பர் என்று அறிந்தே பேசியதாக லிங்கன் மறுமொழி கூறினார். முழுமையான விடையன்று அது. ஆயினும், சுருக்கெழுத்தாளர்கள் குறித்தவை செய்தித்தாள்களில் வெளிவந்தன. லிங்கனே திரட்டிய நறுக்குகள் 1860இல் நூலாயின. சார்ல்ஸ்டன் பேச்சும் அதில் உண்டு. கறை மறைக்கப்படாததாலேயே, அவர் நடந்து வந்த தொலைவை நாம் அளக்க முடிகிறது. 1865 ஏப்ரல் 11இல், கறுப்பருள் படைவீரராய்ப் பணியாற்றியோருக்கும் அறிவிற் சிறந்தோருக்கும் வாக்குரிமை தருவதே தம் விருப்பம் என்று வெளிப்படையாகச் சொன்னார். மூன்று நாட்களில் சுடப்பட்டார்.

ஒரு நூற்றாண்டு உருண்டது. 1960 செப்டம்பர் 26 அன்று, சிகாகோவிலே, கென்னடியும் நிக்சனும் தொலைக்காட்சியில் வாதிட்டனர். மொத்தம் ஒரு மணி நேரம். தொடக்கவுரை ஆளுக்கு 8 நிமிடம். கொள்கையைவிட நிக்சனின் வெளிறிய முகமே பெரிதும் பேசப்பட்டது! பின்னர் நிகழ்ந்ததோ இன்னும் கொடிது. அமெரிக்கத் தொலைக்காட்சிச் செய்திகளிலே வேட்பாளரின் குரல் வெட்டின்றி ஒலித்த சராசரி நேரம், 1968 தேர்தலில் ஏறத்தாழ 43 விநாடி. 1988இல் ஏறத்தாழ 9 விநாடி!

ஒன்பது விநாடியில் ஆசை காட்டலாம், அச்சமூட்டலாம், பகை மூட்டலாம். விடைக்குப் பின் எழவேண்டிய அடுத்த கேள்விக்கு அங்கே இடமில்லை. அந்தக் கேள்வியிலன்றோ பொய் தடுமாறுகிறது!

தோழர்களே! துணுக்கைக் கேட்டுத் துள்ளுவதும் துடிப்பதும் பகுத்தறிவாளர்க்கு அழகன்று. முழுப் பேச்சையும் தேடிப் படிப்போம். அன்று சொன்னதையும் இன்று சொல்வதையும் அருகருகே வைப்போம். அங்கு சொன்னதையும் இங்கு சொல்வதையும் ஒப்பிடுவோம். மாற்றாரை மட்டுமல்ல, நாம் மதிக்கும் தலைவரையும் அந்த அளவுகோலாலேயே அளப்போம். கேட்பவன் விளக்கம் கோரினால்தான், பேசுபவன் சிந்தித்துப் பேசுவான்.